டைகர் மாத் இறக்கைக்குத் துணி தைச்ச கதை

முதல் நாள் எனக்குக் குடுத்த வேலை எலிக்கூடு எடுக்குறது. சும்மா சொல்லல, நெசமாவே எலிக்கூடு. டைகர் மாத் விமானத்தோட இடது பக்கக் கீழ் இறக்கை, பழைய துணி பாதி கிழிஞ்சு தொங்குது, உள்ள வைக்கோலு, பஞ்சு, கிழிச்ச பேப்பருன்னு ஒரு எலிக் குடும்பம் பல வருஷம் குடித்தனம் நடத்திட்டுப் போயிருக்கு. வாக்குவம் கிளீனரை வச்சு உறிஞ்சிட்டு உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா எலி மூத்திரம் பட்ட இடமெல்லாம் மரம் கருத்துப்போயி, பக்கத்துல இருந்த ஸ்டீல் ஃபிட்டிங் பொரிப்பொரியா துருவேறிக் கெடக்கு. நான் என்னவோ முதல் நாளே இன்ஜின்ல கை வைக்கலாம்னு புது ஓவரால் எல்லாம் வாங்கிப் போட்டுட்டுப் போயிருந்தேன்.

நான் கேம்பிரிட்ஜ் பக்கம் ஒரு கம்பெனில மெக்கானிக்கல் டிசைன் வேலை பாக்குறேன், கம்ப்யூட்டர்லயே போல்ட் போட்டு கம்ப்யூட்டர்லயே கழட்டுற வேலை. டக்ஸ்ஃபோர்டு விமான மியூசியம் பக்கத்துலதான் இருக்கு, அங்க ஒரு நாள் மஞ்சள் வயித்தோட ஒரு டைகர் மாத் தலைக்கு மேல தையல் மெஷின் மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு மெதுவா போச்சு, அவ்வளவுதான், புடிச்சுக்கிச்சு. விசாரிச்சு விசாரிச்சு ஒரு விவசாயப் பண்ணையில இருந்த தகரக் கொட்டாய்க்குப் போய்ச் சேந்தேன். அங்க எழுபது வயசு தாண்டின ஒருத்தர், லைசென்ஸ் உள்ள இன்ஜினியர், பெரியவர்னே சொல்றேன், அவருதான் எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடுறவரு. எங்களை மாதிரி லைசென்ஸ் இல்லாத ஆளுங்க அவர் கண்ணு முன்னாடி என்ன வேணா செய்யலாம், ஆனா அவர் பாத்து ஓகே சொல்லி எழுதினாத்தான் அது செஞ்ச வேலை, இல்லன்னா செய்யாத வேலைதான். இந்த ஒரு விஷயம் மண்டையில ஏற எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

பிளேனைப் பத்திக் கொஞ்சம். பக்கத்துக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு மொத்தம் நாலு இறக்கை, முன்ன ஒரு சீட்டு பின்ன ஒரு சீட்டு. டி ஹாவிலண்ட் டி.ஹெச்.82 டைகர் மாத், 1931 அக்டோபர் 26-ம் தேதி லண்டன் பக்கம் ஸ்டாக் லேன்ல முதல் தடவை பறந்துச்சு. அடுத்த வருஷம் பிரிட்டிஷ் விமானப்படைக்கு வந்து, இருவது வருஷம் போல அடிப்படைப் பயிற்சி பெரும்பாலும் இதுலதான், 50-கள்ல சிப்மங்க்ங்கற புதுப் பயிற்சி விமானம் வந்துதான் இதை வீட்டுக்கு அனுப்புச்சு. போர்க் காலத்துல ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டுனவன்ல நெறைய பேரு முதல்ல தரையில குத்துக்குத்துன்னு குத்தி எறக்கினது இதைத்தான். நம்ம இந்திய விமானப்படையும் பேகம்பேட்லயும் ஜோத்பூர்லயும் இதை வச்சுத்தான் பசங்களுக்குச் சொல்லிக்குடுத்துச்சு. டி ஹாவிலண்டோட ஹாட்ஃபீல்டு ஃபேக்டரிக்குப் போர் விமான வேலை தலைக்கு மேல வந்ததும் டைகர் மாத் தயாரிப்பைத் தூக்கி ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் கௌலியில இருந்த மோரிஸ் கார் கம்பெனிகிட்ட குடுத்துட்டாங்க, அவங்க மட்டும் மூவாயிரத்துக்கு மேல செஞ்சு தள்ளுனாங்க. எங்களோடதும் கௌலி வண்டிதான், 1941.

கார் கம்பெனி செஞ்ச பிளேன்னு சொல்றப்ப நெறைய பேரு ஒரு மாதிரி சிரிப்பாங்க. எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்ச விஷயம். ஏன்னா இது தெனமும் உடையப்போகுதுன்னு தெரிஞ்சே செஞ்ச பிளேன். பதினெட்டு வயசுப் பையன் காலைல மூக்கைக் குத்துவான், சாயங்காலத்துக்குள்ள ரிப்பேர் பண்ணி அடுத்தவன் கையில குடுக்கணும். அதனால உடம்பு ஸ்டீல் குழாயை வெல்டு பண்ணின சட்டம், இறக்கை மரம், மேல துணி, எல்லாத்தையும் இழுத்துப் பிடிக்க வயரு. எது உடஞ்சாலும் அந்தத் துண்டை மட்டும் மாத்திக்கலாம், மாத்தவும் பெரிய மெஷின் எதுவும் வேணாம். போருக்குச் செஞ்ச பல பளபள விமானங்களை எல்லாம் வெட்டி உருக்கிட்டாங்க, இது மட்டும் ஊருக்கு ஊரு இன்னும் பறக்குதுன்னா காரணம் வீரம் கீரம் ஒண்ணும் இல்ல, என்னை மாதிரி அரைகுறை ஆளுகூட ரிப்பேர் பண்ண முடியுறதுதான்.

சரி, இறக்கைக்கு வருவோம். துணியை முழுசா உரிச்சதும் உள்ள ரெண்டு நீளமான மரச் சட்டம், முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணு, அதுதான் ஸ்பார், சிட்கா ஸ்ப்ரூஸ்ங்கற மரம். அதுக்குக் குறுக்கால மீன் முள்ளு மாதிரி வரிசையா ரிப்புங்க. பெரியவர் ஒரு மொட்டை பிளேடைக் குடுத்து ஒவ்வொரு ஒட்டுலயும் மெதுவா நெம்பிப் பாக்கச் சொன்னாரு. அந்தக் காலத்துல ஒட்டுனது கேசீன் பசை, அதாவது பால்ல இருந்து எடுத்த பசை. காஞ்சு இருக்கிற வரைக்கும் இரும்பு மாதிரி நிக்கும், ஈரம் பட்டா என்ன இருந்தாலும் பாலு பாலுதானே, பூஞ்சை புடிச்சுக் கெட்டுப்போகும். முன்னாடி பக்கம் பிளேடு இம்மிகூட உள்ள போகல. பின் ஸ்பாருகிட்ட வந்ததும் வெண்ணெயில போற மாதிரி போச்சு, மூணு ரிப்போட வால் கையோட வந்துருச்சு, மோந்து பாத்தா பழைய தயிர்ப்பானை வாசனை.

அந்த மூணு மட்டும் ஏன்னு தேடினோம். டைகர் மாத்துக்கு வால்ல சக்கரம் கெடையாது, சறுக்குக் கட்டைதான், நிறுத்தினா வாலை தரையில வச்சு மூக்கைத் தூக்கிட்டு உக்காந்திருக்கும். அதனால இறக்கைக்குள்ள சேர்ற தண்ணி எல்லாம் பின்பக்க ஓரத்துக்கு எறங்கும், அது வெளிய போறதுக்காக ஒவ்வொரு ரிப்புக்கும் நடுவுல அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சட்டை பட்டன் சைஸ்ல ஒரு வளையம் ஒட்டி அதுக்கு நடுவுல துளை. எங்க இறக்கையில எந்தக் காலத்துலயோ எவரோ அழகா பெயின்ட் அடிக்கிறேன்னு அந்த மூணு துளையையும் அடைச்சு வச்சிருந்தாரு. எலி, மழை, எண்பது வருஷம்னு எதை எதையோ நான் குத்தம் சொல்லிட்டு இருந்தேன், கடைசில பாத்தா பெயின்ட் பிரஷ்.

ஸ்பாரோட கெட்டுப்போன பகுதியை வெட்டிட்டுப் புது மரம் ஒட்டணும். நேரா வெட்டி ஒட்டினா நிக்காது, ரெண்டு துண்டையும் சாய்வா சீவி ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வைக்கணும், ஒரு இன்ச் கனத்துக்குப் பன்னெண்டு இன்ச் நீளச் சாய்வு. கேக்க சாதாரணமா இருக்கும், அந்தச் சாய்வை இழைப்புளியில சீவி ரெண்டு முகமும் நடுவுல வெளிச்சம் தெரியாம உக்காரணும்னு நிக்கிறப்பதான் தெரியும். நான் நாலு தடவை வேஸ்ட் மரத்துல செஞ்சு காட்டினேன், நாலையும் பெரியவர் ஜன்னலுக்கு நேரா தூக்கிப் புடிச்சுப் பாத்துட்டு அடுப்புக்குப் பக்கத்துல போட்டாரு. அஞ்சாவதை அங்க போடல. அதுக்கு மேல பாராட்டு எல்லாம் எதிர்பாக்கக் கூடாது.

மரமே எல்லாம்னு நெனச்சுடாதீங்க. காக்பிட் தரைக்கு அடியில குறுக்கால ஓடுற டை ராடுன்னு ஒண்ணு இருக்கு, பாத்தா சாதாரண இரும்புக் கம்பி, ரெண்டு முனையிலயும் மரை. ரெண்டு பக்க இறக்கையும் ஒண்ணை ஒண்ணு பிச்சுக்கிட்டுப் போகாம பிடிச்சு வைக்கிறதே அதுதான். 2013 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து கடலோரம் தெற்கு ஸ்ட்ராட்புரோக் தீவுகிட்ட ஒரு டைகர் மாத்துல ஏரோபேட்டிக், அதாவது வானத்துல குட்டிக்கரண வித்தை பண்றப்போ இந்தக் கம்பிங்க அறுந்து இடது பக்க இறக்கைங்க பிரிஞ்சு, ரெண்டு பேரு போயிட்டாங்க. திரும்பத் திரும்ப பாரம் ஏறி எறங்கி உலோகம் களைச்சுப்போயி விடுற விரிசல், கண்ணுக்குத் தெரியாது. பெரியவர் அந்தச் சம்பவத்தைப் பத்தி ஒரு வார்த்தை பெருசா பேசல, பழைய கம்பிங்களை வைஸ்ல மாட்டி எங்க கண்ணு முன்னாடியே அறுத்து ரெண்டு துண்டாக்கிப் போட்டாரு. ஏன் அறுக்கறீங்க, செவுத்துல மாட்டி வச்சா அழகா இருக்குமேன்னு கேட்டேன். என்னைக்காவது எவனாவது எடுத்து மறுபடி மாட்டுவான்னாரு. புதுசு வாங்கின பில்லைப் பாத்ததும் நான் எதுவும் பேசல, நியாயமான விலைதான்.

துணி விஷயத்துல கொட்டாய்க்குள்ள பெரிய சண்டையே நடந்துச்சு. அந்தக் காலத்துல ஐரிஷ் லினன். இப்ப நல்ல லினன் கெடைக்குறது கஷ்டம், கெடைச்சாலும் வெலை கொள்ளை, வெயில்ல சீக்கிரம் நஞ்சு போகும். பாலியெஸ்டர் துணி போட்டா ரொம்ப வருஷம் வரும். ஒரிஜினலா இருக்கணும்னு ஒரு கோஷ்டி, பறக்கணும்னு ஒரு கோஷ்டி. ஓனரு பறக்கணும்னு சொன்னாரு, எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. இந்த பிளேன்ல 1941-ல போட்ட மரம் எவ்வளவு மிச்சம், துணி எத்தனாவது தடவைன்னு கணக்குப் பாத்தா ஒரிஜினல்ங்கற பேச்சுக்கே அர்த்தம் இல்ல, இதைச் செஞ்சவனே எல்லாத்தையும் மாத்திக்கோன்னுதானே செஞ்சிருக்கான்.

துணியைத் தலையணை உறை மாதிரி தைச்சு இறக்கை நுனியில இருந்து உருவி மாட்டணும். அப்புறம் இஸ்திரிப் பெட்டி. ஆமா, வீட்டு இஸ்திரிப் பெட்டியேதான். பாலியெஸ்டர் சூட்டுல சுருங்கும், முதல்ல 120 டிகிரி போல வச்சு ஒரு சுத்து, அப்புறம் ஏத்தி 175 வரைக்கும், அதுக்கு மேல போனா துணி இறுகுறதுக்குப் பதிலா தளர ஆரம்பிச்சுடும், அதைத் திருப்பி எடுக்க முடியாது. பெட்டி மேல போட்டிருக்கிற காட்டன், சில்க்குங்கற அளவை நம்பவே கூடாது, தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தா ஒரே செட்டிங்ல முப்பது டிகிரி ஏறி எறங்குது. நான் பயிற்சிச் சட்டத்துல ஒரு தடவை கொஞ்சம் அதிகமா நிறுத்திட்டேன், துணி இளகி வெத்தலை மாதிரி சுருண்டு ஓட்டை விழுந்துச்சு. நல்லவேளை அது இறக்கை இல்ல. சரியா சுருக்கினா தட்டினதும் தவில் மாதிரி டம்முனு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே பக்கத்து ஆளுங்க வந்து தட்டிட்டுப் போவாங்க, விரட்டிட்டே இருக்கணும்.

இப்ப வருது தையல். பறக்குறப்போ இறக்கையோட மேல்பக்கத் துணியைக் காத்து மேல உறிஞ்சும், ரிப்போட சேத்துக் கட்டலைன்னா துணி பலூன் மாதிரி உப்பி இறக்கையோட வளைவே போயிரும். அதனால ஒவ்வொரு ரிப்புக்கும் மேலயும் கீழயும் துணியைச் சேத்து நூலால இறுக்கிக் கட்டணும், மூணு இன்ச்சுக்கு ஒரு கட்டு, ப்ரொப்பெல்லர் காத்து நேரா அடிக்கிற உள்பக்க ரிப்புகள்ல அதைவிட நெருக்கமா. இறக்கையை முன் ஓரம் கீழ வர்ற மாதிரி செங்குத்தா ஸ்டாண்டுல நிறுத்தி வச்சுட்டு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். எனக்கு ஜோடி ஒரு ரிட்டையர்டு நர்ஸ் அம்மா, தையல் போடுறதுல கைராசிக்காரங்க, பேச்சும் ஜாஸ்தி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மியா ஒரு ஊசி, ரிப்பை ஒட்டினாப்பல குத்தினா அந்தப் பக்கத் துணியில முனை புடைக்கும், அவங்க கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம்னு சொல்லுவாங்க, சரியான எடத்துக்கு வந்ததும் இழுத்துக்கிட்டு ரிப்புக்கு அடுத்த பக்கமா திருப்பிக் குத்துவாங்க, இப்ப என் பக்கத் துணியில புடைக்கும். அரை நாள் முழுக்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம பேசிட்டே இருப்போம். போர்க் காலத்துல ஃபேக்டரிகள்ல இந்த வேலையைச் செஞ்சது பெரும்பாலும் பொண்ணுங்கதான், அந்த அம்மாவோட பேச்சைக் கேட்டா அந்தக் காலத்து ஹாலு எப்படி இருந்திருக்கும்னு கற்பனை பண்ணிக்கலாம்.

நூல் சுத்தி வந்ததும் முடிச்சு. இங்கதான் நான் மாட்டுனேன். அந்த முடிச்சு ரிப்புக்கு மேல உக்காரக் கூடாது, பக்கவாட்டுல இறங்கி உக்காரணும், அடுத்த கட்டுக்கு நூல் போறப்போ இது தளரவும் கூடாது, ஒரு எடத்துல நூல் அறுந்தாலும் மத்ததெல்லாம் நிக்கணும். நான் யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டேன்னு மூணு ரிப்பு முழுசா போட்டு முடிச்சுட்டேன், ஒரு சனி ஒரு ஞாயிறு. திங்கக்கிழமை பெரியவர் மெசேஜ் கூட போடல. அடுத்த சனிக்கிழமை போனா, மூணு ரிப்பு நூலும் அறுத்துக் குப்பைத் தட்டுல சுருண்டு கெடக்கு. கட்டை விரலால ஒரு முடிச்சைப் பக்கவாட்டுல தள்ளிக் காமிச்சாரு, அது தயிர்சாதத்துல கடுகு மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருளுது. நான் போட்டது கிரானி நாட்டுன்னு சொல்ற வழுக்குற முடிச்சு, எதிர்த்திசையில திருப்பிப் போட வேண்டிய சுத்தை அதே திசையில போட்டிருக்கேன்.

இதுல வெக்கக்கேடு என்னன்னா அந்த முடிச்சுக்கு இங்க பேரு மாடிஃபைடு சைன் நாட். சைன்னா கரைவலை. நான் பொறந்து வளந்தது நாகப்பட்டினம் பக்கம், எங்கப்பா நாப்பது வருஷம் வலையோட வாழ்ந்த ஆளு, நான் ஸ்கூல் விட்டு வந்தா திண்ணையில வலை விரிச்சுக் கெடக்கும், அந்த வேலைக்கு டிமிக்கி குடுக்கத்தான் நான் நல்லாப் படிச்சேன்னே சொல்லலாம். அன்னைக்கு ராத்திரி வீடியோ கால் போட்டேன்.

"என்னடா அது, கட்டிலுக்கு நாடா கட்டுறியா?"

"இல்லப்பா, பிளேனு இறக்கை."

"துணியில செஞ்ச பிளேனா? அதுல யாரு ஏறப்போறா?"

"மொதல்ல முடிச்சைச் சொல்லுப்பா, அப்புறம் யாரு ஏறுறான்னு பாப்போம்."

நான் நூலைக் காமிச்சதும் அவரு எந்திரிச்சுப் போயி ஒரு நரம்பு நூலை எடுத்துட்டு வந்து கால் கட்டை விரல்ல மாட்டி இழுத்து, ஃபோனை அம்மாகிட்ட புடிக்கச் சொல்லிட்டுப் போட்டுக் காமிச்சாரு. வலை முடிச்சும் இதுவும் அப்படியே ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன், சுத்து கொஞ்சம் வேற. ஆனா கை போற தினுசு ஒண்ணுதான். முடிச்சை இறுக்குறப்ப இடது கட்டை விரலால அது உக்கார வேண்டிய எடத்தை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு அப்புறம்தான் இழுக்கணும், நான் இழுத்துட்டு அமுக்கிட்டு இருந்திருக்கேன். "நூலுக்கு மெழுகு போட்டியா?"ன்னு கேட்டாரு. மெழுகு போட்ட நூல்தாம்பான்னேன். "அப்ப கையிலதான் கோளாறு"ன்னுட்டு வச்சுட்டாரு.

அடுத்த வாரம் போட்ட முதல் முடிச்சைப் பெரியவர் விரலால தள்ளிப் பாத்தாரு, நகரல. எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டாரு, வீட்டுலன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நாலு இறக்கையும் நானும் நர்ஸ் அம்மாவும்தான், ரெண்டு குளிர்காலம் ஓடுச்சு. கட்டை விரல் நகத்துக்குப் பக்கத்துல தோல் காய்ச்சிப்போயி இன்னும் இருக்கு.

தையல் மேல ஓரம் ரம்பப்பல்லு மாதிரி வெட்டின பட்டை நாடா ஒட்டி, டோப் அடிக்கணும். டோப்ங்கறது செல்லுலோஸை கரைச்சு வச்ச வார்னிஷ் மாதிரி ஒரு திரவம், துணியை இறுக்கி, காத்து தண்ணி போகாம அடைக்கும். நைட்ரேட் டோப் வெடிமருந்துப் பஞ்சோட சொந்தக்காரன், பக்கத்துல ஒரு பொறி கூடாது, அதனால ஹீட்டர் போட முடியாது, இங்கிலாந்து நவம்பர்ல ஹீட்டர் இல்லாம டோப் அடிச்சா என்ன ஆகும்னு நாங்க நேர்லயே பாத்தோம். காலையில அடிச்சது மதியத்துக்குள்ள வெள்ளையா பூத்துருச்சு, பூசணம் புடிச்ச ஊறுகாய் மாதிரி. தின்னர் சட்டுனு ஆவியாகுறப்போ மேல்பரப்பு சில்லுனு ஆகி, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து உள்ள அடைச்சுக்குது, அந்த எடத்துல டோப்புக்கு வலு இல்ல. மெதுவா ஆவியாகுற தின்னர் கலந்து மேல இன்னொரு கோட்டு அடிச்சா பழசு இளகி சரியாகும்னு சொன்னாங்க, சில எடத்துல ஆச்சு, சில எடத்துல சொரண்டித்தான் எடுத்தோம். மறுபடி அடிக்க ஏப்ரல் வரைக்கும் காத்திருந்தோம். வெயில்ல துணி கெடாம இருக்க அலுமினியப் பொடி கலந்த வெள்ளி டோப், அதுக்கு மேல கலரு, அடியில ட்ரெயினர் மஞ்சள், மேல பச்சையும் பழுப்பும். கலர் அடிக்கிற அன்னைக்கு மட்டும் எங்கிருந்தோ எல்லாரும் உதவிக்கு வந்துட்டாங்க.

கலரு காஞ்சதும் ஒவ்வொரு ரிப்பு இடைவெளிக்கும் அடியில வளையம் ஒட்டி சால்டரிங் அயர்ன் முனையால துளை போடுற வேலையை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். காரணம் சொல்லத் தேவையில்ல.

இன்ஜின் கதை நீளம், சுருக்கிச் சொல்றேன். ஜிப்ஸி மேஜர், 6.1 லிட்டர், நாலு சிலிண்டர், 130 குதிரைத் திறன், தலைகீழா தொங்குற இன்ஜின். தலைகீழா இருக்கிறதால ப்ரொப்பெல்லர் உசரத்துல நிக்கும், மூக்கு தாழ்ந்து பைலட்டுக்கு முன்னாடி தெரியும். நாங்க ஓவர்ஹாலுக்கு ஒரு எடத்துல குடுத்தோம், நாலு மாசம்னு சொல்லி பதினோரு மாசம் வச்சிருந்தாங்க, அதைப் பேச ஆரம்பிச்சா பிபி ஏறும், விடுங்க. தலைகீழ் இன்ஜின்ல ஒரு வில்லங்கம், சும்மா நிக்கிறப்போ ஆயில் கசிஞ்சு சிலிண்டர் தலைக்குள்ள எறங்கித் தேங்கும், தெரியாம ஸ்டார்ட் பண்ணினா ஆயிலை அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். அதனால ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சுவிட்ச் ஆஃபுல இருக்கான்னு பாத்துட்டு ப்ரொப்பெல்லரைக் கையால மெதுவா சுத்திப் பாக்கணும், எங்கயாவது கெட்டியா முட்டுச்சுன்னா நிறுத்திட்டு பிளக்கைக் கழட்டி வடிக்கணும். பலத்தைக் காட்டக் கூடாது.

மேக்னெட்டோங்கறது இன்ஜினுக்குப் பொறி குடுக்குற கருவி, அதோட சுவிட்ச் காக்பிட்டுக்கு வெளிய விண்ட்ஸ்கிரீன் பக்கத்துல இருக்கும், ப்ரொப்பெல்லரைச் சுத்துறவன் கண்ணுக்குத் தெரியணும்னு. வீட்டு சுவிட்ச் மாதிரியே இருக்கும், ஆனா இதுல மேல தள்ளினா ஆன். நம்மூர்லயும் சரி இங்கயும் சரி வீட்டு சுவிட்ச் கீழ தள்ளினாத்தான் ஆன். கை தானா பழக்கத்துக்குப் போகும், அப்படிப் போனா எதிர்ல நிக்கிறவன் கை போயிடும். முதல் ஸ்டார்ட் அன்னைக்கு நான் சுவிட்ச் பக்கம் உக்காந்திருந்தேன், பெரியவர் ப்ரொப்பெல்லர்ல. அவரு சொல்ற ஒவ்வொண்ணையும் நான் செஞ்சுட்டுத் திருப்பிக் கத்தணும். "கான்டாக்ட்!"னு கத்துறப்போ என் குரல் பதினஞ்சு வயசுப் பையன் மாதிரி உடஞ்சுது. நாலாவது சுத்துல மேக்னெட்டோ டக்குனு சொடுக்கு போட்டுச்சு, ஒரு புகை, ரெண்டு இருமல், அப்புறம் புடிச்சுக்கிச்சு. அஞ்சு நிமிஷத்துல எல்லா மூட்டுலயும் ஆயில் கசிய ஆரம்பிச்சுது. கசியலைன்னாத்தான் பயப்படணும், டேங்க் காலின்னு அர்த்தம்னாரு, எல்லா ஜிப்ஸி மேஜர்காரனும் சொல்ற ஜோக்குதான், நானும் இப்ப சொல்லிட்டேன்.

இறக்கை மாட்டி வயர் பிடிக்கிறதுக்கு மூணு வாரம் ஆச்சு. கொத்தனார் வச்சிருக்கிற அதே தூக்குக்குண்டு, நூலு, ரசமட்டம், சாய்வு பாக்குற ஒரு கருவி. டைகர் மாத்தோட மேல் இறக்கை பின்னாடி சாஞ்சு இருக்கும், அழகுக்கு வச்சதுன்னு நெனச்சேன். இதுக்கு முந்தின மாத் விமானத்துல முன் சீட்டுல உக்கார்ற வாத்தியாருக்குச் சரியா தலைக்கு மேல பெட்ரோல் டேங்க், சுத்தி நாலு கம்பம், பாராசூட்டோட வெளிய குதிக்க முடியாது. அதனால மேல் இறக்கையோட நடுப் பகுதியை முன்னாடி தள்ளிட்டாங்க, தள்ளினதும் பேலன்ஸ் கெட்டுச்சு, அதைச் சரிக்கட்ட இறக்கையை மட்டும் பின்னாடி சாய்ச்சாங்க. ஒரு வாத்தியார் உசுரோட வெளிய வரணும்னு இவ்வளவு பாடு, அந்தப் பாட்டை 2 டிகிரி, 3 டிகிரின்னு நாங்க திருப்பிப் பட்டோம். ஒரு வயரை இறுக்கினா எதிர்வயர் தளரும், அதை இறுக்கினா அந்தப் பக்க இறக்கை முறுக்கும், கயித்துக் கட்டில் கட்டுற கணக்குத்தான்.

இன்னொன்னு, 1940-ல ஜெர்மன்காரன் கரையில எறங்கிருவான்ங்கற பயத்துல இந்த மாதிரி பயிற்சி விமானங்களுக்கு அடியில எட்டு 20 பவுண்டு குண்டு மாட்டுற சட்டம் போட்டு, வேற வழியில்லன்னா இதையும் அனுப்புறதுன்னு ஒரு திட்டம் வச்சிருந்தாங்க. மணிக்கு நூறு மைலைத் தாண்டவே மூச்சு வாங்குற பிளேன். நல்லவேளை யாரும் போக வேண்டி வரல. பர்மா பக்கம் இதே பிளேனோட வால் பக்க மூடியைத் திறந்து ஒரு ஸ்ட்ரெச்சர் வைக்கிற மாதிரி மாத்தி, அடிபட்டவங்களைக் காட்டுல இருந்து தூக்கிட்டு வந்திருக்காங்க. அந்த மூடி இருக்கிற எடத்தைத் துடைக்கிறப்ப எல்லாம் அதுக்குள்ள படுத்துக்கிட்டு வந்தவன் என்ன நெனச்சிருப்பான்னு தோணும், மேல பாத்தா ஒரு முழ உசரத்துல ப்ளைவுட்.

முதல் பறப்பு அனுபவமுள்ள ஒரு டெஸ்ட் பைலட் பண்ணினாரு. இருவது நிமிஷம். எறங்கினதும் கண்ணாடியைக் கழட்டிட்டு இடது பக்கம் கனக்குது, கையை விட்டா இடது இறக்கை எறங்குதுன்னாரு. வயர்ல ஒரு பக்கம் அரைச் சுத்து தளர்த்தி எதிர்ப்பக்கம் அரைச் சுத்து இறுக்கினோம், மறுபடி போனாரு, கையை விட்டு ரெண்டு கையையும் மேல தூக்கிக் காட்டிக்கிட்டே எங்க தலைக்கு மேல போனாரு, ஷோ காட்டுறதுல அந்த ஆளுக்கு நிகர் கெடையாது.

எனக்கு வாய்ப்பு வந்தது ரெண்டு வாரம் கழிச்சு, முன் சீட்டு. தனியா ஓட்டினா பின் சீட்டுலதான் உக்காருவாங்க, அதனால முன் சீட்டு சும்மா வேடிக்கை பாக்குறவனுக்குச் சரியான எடம். பிரேக் கெடையாது, ரெண்டு பேரு இறக்கை முனையைப் புடிச்சுக்கிட்டே கூட நடந்து வந்தாங்க, புல்லுத்தரை ஓரம் விட்டாங்க. கொஞ்ச தூரம் குதிச்சுது, அப்புறம் குதிக்கல, அவ்வளவுதான் டேக் ஆஃப். எழுபது, எழுபத்தஞ்சு மைல் வேகம், ரோட்டுல கார்க்காரன் நம்மளை முந்திட்டுப் போறான். தலைக்கு மேல டேங்கு, அதுக்கு மேல கண்ணாடிக் குழாய்ல ஒரு மிதவைக் குச்சி ஆடிட்டு இருக்கு, அதுதான் பெட்ரோல் மீட்டர். பைலட் ஊரை, வயலை, சர்ச் கோபுரத்தைப் பாருன்னு இன்டர்காம்ல சொல்றாரு, நான் இடது கீழ் இறக்கையில உள்ளேர்ந்து மூணாவது ரிப்பைத்தான் பாத்துட்டு இருந்தேன். நாடாவுக்கு அடியில ஒவ்வொரு முடிச்சும் ஒரு சின்னப் புடைப்பா வரிசையா தெரியுது. ரெண்டு புடைப்புக்கு நடுவுல துணி கொஞ்சூண்டு மேல உப்பி, திருப்பத்துல இன்னும் கொஞ்சம் உப்பி, நேரானதும் அடங்குச்சு. புடைப்பு எதுவும் அசையல. முப்பது நிமிஷத்துல எத்தனை தடவை எண்ணினேன்னு தெரியல.

அன்னைக்கு ராத்திரி நல்ல மழை, கொட்டாய் கதவு ஒண்ணு சரியா சாத்தாம விட்டுட்டோம், இடது இறக்கை நனைஞ்சிருக்கு. காலைல போயி இறக்கைக்கு அடியில படுத்துக்கிட்டு ஒவ்வொரு துளையா பாத்துட்டு வந்தேன். எல்லாத்துலயும் ஒரு சொட்டு தொங்குது, ஒண்ணுல மட்டும் இல்ல. வளையம் இருக்கு, நடுவுல பெயின்ட் பளபளன்னு மூடி இருக்கு, துளை போடவே இல்ல. நான் கேட்டு வாங்கிச் செஞ்ச வேலை. சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி எடுத்துட்டு வந்து குத்தினேன், ஒரு டீஸ்பூன் அளவுக்குத் தண்ணி மணிக்கட்டு வழியா சட்டைக் கைக்குள்ள ஓடுச்சு. பெரியவர் டீ கப்போட நின்னு பாத்துட்டு இருந்தாரு. ஒண்ணும் சொல்லல, ஸ்னாக் ஷீட்டை, அதாவது குறைகளை எழுதி வைக்கிற தாளை எடுத்து ஒரு வரி எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு, வலது பக்கமும் பாத்துடுன்னாரு.